சங்கிலியின் கையிலே செங்கோலா?

தோழர்களே!

"சட்டம் இனி எதற்கு?" என்று கேட்கிறார்கள் சிலர். வழக்கு மன்றம் வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம், பதிவாளர் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். எந்திரம் ஒன்று போதும், அதிலே நாங்கள் எழுதி வைக்கும் வரிகள் போதும், அவையே சட்டம், அவையே சாட்சி, அவையே தீர்ப்பு, தீர்ப்பை நிறைவேற்றும் கையும் அவையே என்கிறார்கள். சொல்வோர் சாமானியர் அல்லர், கற்றவர்கள், கணிப்பொறிக் கலையிலே கரைகண்டவர்கள். அவர்கள் பேசும் மொழியோ கவர்ச்சி நிரம்பியது. இடைத்தரகன் ஒழிந்தான், எவர் தயவும் தேவையில்லை, அதிகாரி வீட்டு வாயிலிலே கைகட்டி நிற்கும் காலம் கடந்தது என்கிறார்கள். கேட்கும் செவிக்குத் தேனாக இல்லையா, தோழர்களே!

தேனாக இருப்பதால்தான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். நீட்டப்படும் கிண்ணத்தைச் சுவைக்குமுன் முகர்ந்து பார்ப்பது அறிவுடைமை.

பிளாக்செயின் என்கிறார்களே, அது என்ன? அடிப்படையிலே அது ஒரு பேரேடு. கணக்கு எழுதும் ஏடு. அவ்வளவுதான்.

ஊருக்கு ஒரு கணக்கர் இருந்தார். அவரிடம் ஒரே ஓர் ஏடு இருந்தது. ஏழையின் கால்காணி நிலம் அந்த ஏட்டிலே இருந்தது. ஓர் இரவிலே பெயர் மாறிற்று. பொழுது விடிந்ததும் ஏழை நிலமற்றவனானான். எப்படி முடிந்தது இது? ஏடு ஒன்று, எழுதும் கை ஒன்று, பெட்டியின் சாவி ஒன்று, ஆகவே முடிந்தது.

அந்த ஒற்றைச் சாவியை உடைக்கிறது பிளாக்செயின். ஒரே ஏட்டை ஆயிரம் படிகள் எடுத்து, ஆயிரம் கணிப்பொறிகளிலே வைக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்திய பக்கத்தின் விரல்ரேகை போன்ற ஓர் அடையாளம் பதிகிறது. பழைய பக்கத்திலே ஓர் எழுத்தை மாற்றினாலும் ரேகை மாறும், அடுத்த பக்கம் காட்டிக் கொடுக்கும், ஆயிரம் படிகளும் "பொய்! பொய்!" என்று கூவும். பக்கத்தோடு பக்கம் பிணைந்திருப்பதால் அதற்குச் சங்கிலி என்று பெயர். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரிலே 2008இல் ஒருவர் திட்டம் வரைந்தார். 2009 ஜனவரியிலே பிட்காயின் என்ற நாணயக் கணக்கு அதிலே தொடங்கிற்று. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

2015இலே எதீரியம் என்ற இன்னொரு சங்கிலி எழுந்தது. அது வெறும் கணக்கோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்தையே ஏட்டுக்குள் ஏற்றிற்று. "இன்ன நாளில் இன்ன தொகை வந்தால், இன்னாருக்கு இன்னது போய்ச் சேருக" என்று கணிப்பொறி மொழியிலே நிரலாக எழுதிவிட்டால் போதும். நிபந்தனை நிறைவேறிய கணமே பணம் தானாகப் போய்ச் சேரும். தடுக்க ஆளில்லை, தாமதிக்க ஆளில்லை, கையூட்டு வாங்க ஆளில்லை!

நல்லதுதானே? நல்லதுதான்! நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மையின் தோளிலே ஏறிக்கொண்டு ஒரு முழக்கம் வந்தது: "நிரலே சட்டம்!" லாரன்ஸ் லெஸ்ஸிக் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1999இலே தம் நூலில் ஆய்ந்த கருத்து அது. அவர் எச்சரிக்கையாகச் சொன்னார்: இணைய உலகிலே நிரல் எழுதுபவர் சட்டம் எழுதுபவர் போலவே நம்மைக் கட்டுப்படுத்துகிறார், ஆகவே அவரைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். எச்சரிக்கையைப் பிடுங்கி, அதை வெற்றிக் கொடியாக்கி ஏந்திக்கொண்டனர் பின்வந்தோர் பலர். மருத்துவர் "இது நஞ்சு" என்று எழுதி ஒட்டிய சீட்டையே மருந்தின் பெயராக நினைத்துக்கொண்டாற்போல!

அந்தக் கொடி பறந்த இடத்திலே நடந்த கதையைக் கேளுங்கள்.

2016 ஏப்ரல் 30. எதீரியம் சங்கிலியிலே 'தி டாவோ' என்ற அமைப்பு மக்களிடம் முதல் திரட்டத் தொடங்கிற்று. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, அலுவலகம் இல்லை, நிரல்தான் நிர்வாகம். பணம் போட்டவர்கள் வாக்களித்து, எந்தத் தொழிலிலே முதலிடுவது என்று முடிவு செய்வார்கள். மற்றதை நிரல் செய்யும். ஒரு மாத காலத்திலே திரண்டது ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஈதர். அன்றைய மதிப்பிலே ஏறக்குறைய 15 கோடி டாலர்! அதன் விதிமுறை அறிவிப்பு என்ன சொல்லிற்று தெரியுமா? விதிகள் அனைத்தும் சங்கிலியிலே உள்ள நிரலில்தான் உள்ளன. விளக்கவுரையாக நாங்கள் எழுதும் எதுவும் அந்த நிரலை மாற்றாது என்று சொல்லிற்று. நிரலே சட்டம் என்பதை எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்!

ஜூன் 17. பணம் ஒழுகத் தொடங்கிற்று.

என்ன நடந்தது? வங்கிக் காசாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதலிலே பணத்தைக் கொடுக்கிறார், பிறகுதான் கணக்கிலே கழிக்கிறார். பணம் வாங்கியவர், காசாளர் பேனாவை எடுக்குமுன்பே, "இன்னொரு முறை கொடுங்கள்" என்கிறார். காசாளர் ஏட்டைப் பார்க்கிறார், இருப்பு குறையவில்லை, கொடுக்கிறார். "இன்னொரு முறை!" பார்க்கிறார், கொடுக்கிறார். மனிதக் காசாளராயின் மூன்றாம் முறை முறைத்துப் பார்ப்பார். நிரல் முறைக்குமா? கொடுத்துக்கொண்டே இருந்தது. 36 இலட்சம் ஈதர், திரட்டியதிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, சுமார் 5 கோடி டாலர், முகமறியா ஒருவரின் பிடிக்குள் போயிற்று.

நான் நாடகம் எழுதுபவன். இந்த இடத்திலே மேடையமைக்காமல் எப்படி மேலே போவேன்? ஒருபுறம் பணமிழந்தோர், மறுபுறம் முகமறியாதார்.

"எங்கள் பணத்தைக் களவாடினாய்!"

"களவா? எந்தப் பூட்டை உடைத்தேன்? எந்தச் சுவரைத் துளைத்தேன்?"

"நாங்கள் எண்ணியது இதுவல்ல!"

"எண்ணத்தை யார் கேட்டது? நிரலே சட்டம் என்றீர். நிரல் கொடு என்றது, கொடுத்தது, பெற்றுக்கொண்டேன். உங்கள் சட்டத்தை உங்களைவிட நன்றாகப் படித்தவன் நான். அது குற்றமா?"

வெறும் கற்பனை என்று கருதாதீர். மறுநாளே தாக்கியவர் பெயரால் ஒரு திறந்த மடல் வெளியாயிற்று. அதுவே அதன் சாரம். அவர்தாம் எழுதினாரா என்பது உறுதிப்படவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு விடை சொல்ல நிரல்வாதிகளால் இயலவில்லை என்பது உறுதி! ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலே, ஒப்பந்தத்தில் உள்ளபடி ஒரு பவுண்டு சதை வேண்டும் என்று கத்தி தீட்டுகிறானே ஷைலாக், அவன் நிற்கும் இடமும் இதுதான். எழுத்து இருக்கிறது, ஆகவே உரிமை இருக்கிறது என்கிறான். அங்கே ஒரு மன்றம் இருந்தது; வாதாட ஒரு போர்ஷியா இருந்தாள். இங்கே மன்றத்தைத்தான் முன்னாலேயே இடித்துவிட்டார்களே!

பிறகு என்ன செய்தனர்? பணம் போன பெட்டியிலிருந்து 27 நாட்கள் எவரும் எதையும் எடுக்க முடியாதபடி நிரலிலேயே ஒரு தடை இருந்தது. அந்த இடைவெளியிலே விவாதித்தனர், வாதாடினர், வசைபாடிக் கொண்டனர். இறுதியிலே, 2016 ஜூலை 20 அன்று, சங்கிலியை இயக்குவோரிலே பெரும்பாலோர் புதிய மென்பொருளை ஏற்று, போன பணத்தை உரியவர்கள் திரும்பப் பெறும்படி ஏட்டையே மாற்றியமைத்தனர். எவராலும் மாற்ற முடியாத ஏடு, எல்லார் கண்ணெதிரிலும் மாற்றப்பட்டது! "இது அறமன்று" என்று மறுத்தவர்கள் மாற்றப்படாத பழைய ஏட்டையே தொடர்ந்து எழுதினர். எதீரியம் கிளாசிக் என்ற பெயரிலே அது இன்னமும் ஓடுகிறது. ஒரு ஊழல், இரண்டு ஏடு, இரண்டு உண்மை!

பணத்தைத் திருப்பித் தந்தது தவறு என்று நான் கூறவில்லை, தோழர்களே! திருப்பித் தந்ததே நியாயம் என்பது என் கருத்து. நான் கேட்பது வேறு. மன்னனே இல்லை என்றார்களே, அந்த ஜூலை மாதத்திலே மன்னன் வேலையைப் பார்த்தவர் யார்? யாருடைய ஒப்புதலோடு பார்த்தார்? நாளை அவரே தவறிழைத்தால் முறையிட வாயில் எது?

ஒரு வாக்கெடுப்பும் நடத்தினார்கள். தலைக்கு ஒரு வாக்கு என்று எண்ணிவிடாதீர்! கையிருப்பு ஈதருக்கு ஏற்ற வாக்கு! அதிலும், இருந்த ஈதரிலே மிகச் சிறு பகுதியே பங்கேற்றது. பணமுள்ளவனுக்கு வாக்கு, அதிகப் பணமுள்ளவனுக்கு அதிக வாக்கு. எங்கோ கேட்ட கதையாக இல்லையா? 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் பிறகும் பிரிட்டனிலே சொத்துள்ளவனுக்கே வாக்கு இருந்தது. ஆணும் பெண்ணும் சமமாக வாக்களிக்க 1928 வரை அந்நாட்டு மக்கள் போராட வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் 1919 சட்டத்தின்கீழ் நடந்த தேர்தல்களிலே வரி கட்டுவோர், சொத்துடையோர் பெயர்களே பட்டியலை நிரப்பின. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் வாக்கு கிடைத்தது குடியரசு பிறந்த பிறகுதான். நூறாண்டு போராடிப் புதைத்த ஒன்றை, புதுமை என்று பெயர் சூட்டித் தோண்டி எடுக்கிறார்களே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சட்டம் இதையெல்லாம் கைகட்டி வேடிக்கை பார்த்ததா? இல்லை. 2017 ஜூலை 25 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அறிக்கை வெளியிட்டது. 'தி டாவோ' விற்ற வில்லைகள் சங்கிலியிலே இருந்தாலென்ன, தாளிலே இருந்தாலென்ன, அவை முதலீட்டுப் பத்திரங்களே. எங்கள் சட்டம் அவற்றுக்கும் உண்டு என்று அறிவித்தது. அன்று வழக்கேதும் தொடுக்கவில்லை. வரம்பை மட்டும் வரைந்து காட்டிற்று.

"தலைவரே இல்லாத அமைப்பின்மீது யாரை எதிரியாக்கி வழக்குத் தொடுப்பீர்?" என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. 2022இலே அதற்கும் விடை வந்தது. 'ஊக்கி டாவோ' என்ற அமைப்பின்மீது அமெரிக்கப் பண்டக முன்பேர வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கதவு இல்லை, கதவைத் திறக்க ஆள் இல்லை. அவ்வமைப்பின் இணையதளத்திலே உதவி கேட்கும் உரையாடல் பெட்டி இருந்தது. அதன் உறுப்பினர் பேசிக்கொள்ளும் அரங்கும் இருந்தது. அவற்றின் வழியே அனுப்பினர் அழைப்பாணையை! அது செல்லும் என்றது கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம். எவரும் வந்து எதிர்வாதம் செய்யவில்லை. 2023 ஜூனிலே தீர்ப்பு வந்தது. 6 இலட்சத்து 43 ஆயிரம் டாலருக்கு மேல் தண்டம்.

சிங்கப்பூரிலே நடந்த இன்னொரு வழக்கு இதைவிட நுட்பமானது. 2017 ஏப்ரலிலே ஒரு நாணயச் சந்தையிலே எந்திரங்கள் தமக்குள் வாங்கி விற்றுக்கொண்டிருந்தன. ஒரு கோளாறினாலே, சந்தை விலையைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு விலையில் வணிகம் முடிந்தது. சந்தையை நடத்திய நிறுவனம் மறுநாள் அவற்றைத் தானாகவே நீக்கிவிட்டது. வழக்கு மேல்முறையீட்டு மன்றம் வரை போயிற்று, 2020இலே தீர்ப்பு. எந்திரத்துக்கு மனம் ஏது? ஆகவே நிரலை எழுதியவர் எழுதும்போது என்ன அறிந்திருந்தார் என்று பார்க்க வேண்டும் என்றது மன்றம். பார்த்தது, அவர் பிறர் பிழையைச் சுரண்டத் திட்டமிட்டதாகக் காணவில்லை. வணிகத்தைத் தன்னிச்சையாக நீக்கிய நிறுவனமே ஒப்பந்தத்தை மீறியது என்று தீர்த்தது. என்ன காண்கிறோம் இதிலே? நிரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் இருக்கிறார்; அவர் நெஞ்சைத் துருவிக் கேட்க ஒரு மன்றம் தேவைப்படுகிறது.

அப்படியானால் பிளாக்செயினை உதறித் தள்ளச் சொல்கிறேனா? இல்லை, இல்லை! அதற்குரிய இருக்கையிலே அமரச் சொல்கிறேன். அது சாட்சிக் கூண்டிலே நிற்கட்டும். நீதிபதியின் இருக்கையிலே ஏற வேண்டாம்.

சாட்சியாக அது சிறந்த சாட்சி. சீனத்திலே ஹாங்சோ நகர இணைய நீதிமன்றம், 2018 ஜூனிலே, ஒரு பதிப்புரிமை வழக்கிலே, சங்கிலியிலே பாதுகாக்கப்பட்ட இணையப் பக்கப் படியைச் சான்றாக ஏற்றது. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. சேமித்துத் தந்த நிறுவனம் இருதரப்புக்கும் பொதுவானதா? படியெடுத்த முறை நம்பத்தக்கதா? விரல்ரேகை ஒத்துப்போகிறதா? இவற்றையெல்லாம் துருவிய பிறகே ஏற்றது. நம் நாட்டிலே 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும், மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழிலே அந்த எண்வடிவ விரல்ரேகையைக் குறிக்கச் சொல்கிறது. இது முன்னேற்றம், வரவேற்போம்.

ஆனால் ஒன்றை மறவாதீர். ஏட்டிலே எழுதியது பிறகு மாறவில்லை என்பதற்குத்தான் சங்கிலி சாட்சி. எழுதியதே உண்மைதானா என்பதற்கு அது சாட்சியன்று. பொய்யை எழுதினால், அழியாத பொய்யாக அது நிலைத்துவிடும்! போலிப் பத்திரத்தைத் தாளிலே எழுதினால் கிழிக்கலாம், சங்கிலியிலே எழுதினால்?

தமிழருக்கு இதை விளக்கச் சிலம்பின் கதை ஒன்று போதும். கோவலன் கையிலே சிலம்பு இருந்தது, சான்று இருந்தது. அரசன் ஆணை பிறந்தது. ஆணை அக்கணமே நிறைவேறிற்று. தடை இல்லை, தாமதம் இல்லை, விசாரணை இல்லை. தானாகவே நிறைவேறும் ஒப்பந்தத்தைப் புகழ்வோர் எதைப் புகழ்கிறார்களோ, அத்தனையும் மதுரையிலே அன்று இருந்தது! பிறகு கண்ணகி வந்தாள்; வழக்குரைத்தாள்; சிலம்பை உடைத்தாள்; மாணிக்கப் பரல் தெறித்தது. உண்மை வென்றது, உயிர் மீளவில்லை. நீதி கேட்கும் செவி, ஆணை நிறைவேறுமுன் திறந்திருக்க வேண்டும்; நிறைவேறிய பின் திறப்பதால் மன்னன் மாளலாம், மாண்டவன் மீளான்.

அந்தச் செவி திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையிலே அண்மையிலே கண்டோம். வாசிர்எக்ஸ் என்ற நாணயச் சந்தையிலிருந்து 2024 ஜூலையிலே 23 கோடி டாலர் அளவுக்கு நாணயங்கள் களவு போயின. நட்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பகிர்ந்து சுமத்தும் திட்டம் சிங்கப்பூரிலே உருவாயிற்று. பெண்மணி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். களவு போனது வேறு வகை நாணயம். என்னுடையது வேறு வகை. என் உடைமையை எடுத்துப் பிறர் நட்டத்தை ஈடுகட்டுவதா என்று கேட்டார். 2025 அக்டோபர் 25 அன்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: இவ்வகை நாணயம் கையால் தொட முடியாததாயினும் சொத்தே, உரியவருக்காக நம்பிக்கைப் பொறுப்பிலே வைத்திருக்கத் தக்க சொத்தே. வழக்கு முடியும் வரை அவருக்குப் பாதுகாப்பும் அளித்தார். சங்கிலி சொன்னது, இன்ன கணக்கிலே இன்ன எண் இருக்கிறது என்று மட்டுமே. "அது உன் சொத்து, பிறர் அதைத் தொடலாகாது" என்று சொல்ல ஒரு மன்றம் தேவைப்பட்டது!

தோழர்களே! தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டே பிளாக்செயினுக்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பட்டாவும் பத்திரமும் சான்றிதழும் சங்கிலியேறும் பேச்சு பல நாடுகளிலும் நடக்கிறது. உங்கள் ஊருக்கும் அது வரும். வரும்போது வெறுத்து ஓடாதீர், வியந்து விழாதீர், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் எழுத்தை எழுதுபவர் யார்? தவறாக எழுதினால், எழுதுமுன் மறுப்புச் சொல்ல ஊராருக்கு வாய்ப்பு உண்டா?

பிழை நேர்ந்தால் திருத்தும் அதிகாரம் யாரிடம்? ஒருவரிடமும் இல்லை என்று சொன்னால், நம்பாதீர். 2016 ஜூலையை நினையுங்கள். எவரிடமோ இருக்கிறது, அவர் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள், அவர் எந்த மன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று கேளுங்கள்.

திறவுச்சொல்லைத் தொலைத்த மூதாட்டிக்கு வழி என்ன? சங்கிலி உலகின் கடுமையான விதி, சாவி தொலைந்தால் சொத்தும் தொலைந்தது என்பது. வயலிலே குனிந்து வாழ்நாளைக் கழித்தவளின் நிலம், ஒரு சொல்லை மறந்ததால் போய்விடலாமா? அவள் தன் மொழியிலே, தன் ஊருக்கு அருகிலே, கட்டணச் சுமையின்றி முறையிட ஒரு படிக்கட்டு இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், அந்த ஏடு ஏழைக்கு அரண். கிடைக்காவிட்டால், பழைய கணக்கரின் பெட்டியே புதிய பூட்டோடு வந்திருக்கிறது என்று பொருள்.

அரிஸ்டாட்டில் ஒரு கோலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தாலான அளவுகோலை வைத்திருந்தார்களாம். கல்லின் வடிவுக்கேற்ப அது வளைந்து கொடுக்குமாம். எல்லார்க்கும் பொதுவாக எழுதப்பட்ட சட்டம், எழுதியவர் எண்ணியிராத நிலை வரும்போது, அப்படி வளைந்து நியாயம் காண வேண்டும் என்பது அவர் கருத்து. நிரல் இரும்புக் கோல், வளையாது. இரும்புக்கும் வேலை உண்டு. தூணுக்கு ஆகும், கதவுக்கு ஆகும், பெட்டிக்கு ஆகும். ஆனால் தோழர்களே, செங்கோலை மட்டும் அதன் கையிலே கொடுத்துவிடாதீர்கள். செங்கோல் ஏந்தும் கைக்கு மேலே, கேள்வி கேட்கும் மக்களின் குரல் இருக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்க ஒரு செவி இருக்க வேண்டும். சங்கிலிக்குச் செவியில்லை.